திருப்புகிறவள்

அறுத்து முடித்த கோதுமை வயலில்
இப்போது கம்பளம் காய்கிறது.
நாலாயிரம் என்றார் நெவ்சாத் பே. நான் எண்ணியதில்லை.
குனிந்தே இருப்பவளுக்கு எண்ணிக்கை எதற்கு,
இடுப்பு சொல்லிவிடும்.

வான் ஏரிக்கரையிலிருந்து வந்தவை,
கோன்யாவில் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை,
எங்கள் தோரோஸ் மலையின் கருங்கூடாரங்களில் நெய்தவை,
எல்லாம் நிறம் கூடிப்போன குற்றத்துக்காக
மூன்று மாதம் இங்கே மல்லாந்து கிடக்கின்றன.
வாங்குகிற நாட்டில் சிவப்பு பிடிக்காதாம்.
அங்கே நாற்காலி சாம்பல், சுவர் சாம்பல்,
நாய்கூடச் சாம்பல் என்கிறான் லாரிக்காரன்.

என் பெயர் தோந்தூ. எங்கள் பேச்சில் ‘திரும்பினாள்.’
நாலாவதும் பெண்ணாய்ப் போனதால்
அடுத்ததாவது ஆணாய்த் திரும்பட்டும் என்று வைத்தது.
அடுத்தவள் பெயர் யெத்தர். ‘போதும்.’
புருஷன் பெயர் சாத்தில்மிஷ். ‘விற்றாயிற்று.’
முன்னே பிறந்த மூன்றும் தங்காததால்
இவனை விற்றுவிட்டோம், இங்கே இல்லை என்று
சாவின் கண்ணில் மண்ணைத் தூவினார்கள்.
அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
எதை விற்றும் உருப்படியாய் விலை வந்ததில்லை.

காலையில் முகம் மேலே. உச்சிக்குப் பின் முதுகு மேலே.
திருப்பும்போது அடியில் தேள் இருக்கும்,
செருப்பைக் கழற்றக் கூடாது.
ராத்திரி சாத்தில்மிஷ் பரண்மேல் உட்கார்ந்து
மழைக்கும் திருடனுக்கும் விசில் ஊதுவான்.
சம்பளம் ஒரு கம்பளத்துக்கு இவ்வளவு, ஒரு கோடைக்கு.

ஜூலை பாதியில், கிணற்றுப் பக்கம் ஏழாவது வரிசையில்
ஒன்றைத் தூக்கியவள் அப்படியே நின்றேன்.
கம்பளி தீர்ந்து வெள்ளாட்டு மயிர் சேர்த்த
ஒரு விரல்கிடை கருப்பு, இடது ஓரத்தில்.
அதை முடிந்துகொண்டிருந்தபோதுதான் பனிக்குடம் உடைந்தது.
தறிக்கட்டையைப் பிடித்தபடி ஹவ்வாவைப் பெற்றேன்.
மஞ்சிட்டி வேர் நான் தோண்டியது.
பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும்
என் நகங்கள் சிவப்பாய்த்தான் இருந்தன.

பம்புசெட்டுக்காக விற்றோம்.
பம்பு மூன்றாம் வருஷம் புகைந்து செத்தது.
கிணறும் பிறகு அதற்கு வேலை வைக்கவில்லை.

அழவெல்லாம் இல்லை.
குப்புறப் போட்டேன், அவ்வளவுதான்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
அக்கம்பக்கத்தில் நூறு கம்பளங்கள் புரண்டன,
அது மட்டும் மண்ணைப் பார்த்துத் தூங்கியது.
யெத்தர் பார்த்தாள். பார்க்காதவள்போல்
தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

செப்டம்பரில் நெவ்சாத் பே வந்தார்.
மற்றதெல்லாம் பால் அதிகம் ஊற்றிய தேநீர் நிறம்.
இது மட்டும் அறுத்த மாதுளை.
“மஞ்சிட்டி, ஐயா. லேசில் போகாது,” என்றேன்.
பொய்யில்லை, பாதி.

ஆனால் வியாபாரி கம்பளத்தை முகத்தில் பார்ப்பதில்லை.
முடிச்சு எண்ண முதுகைத்தான் புரட்டுவான். புரட்டினார்.
முதுகு வெளுத்துப் பொரிந்திருந்தது,
முகத்தில் ஒரு நாள் வெயிலும் இல்லை.
இரண்டு பக்கத்தையும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“உன் பேர் என்ன?”
“தோந்தூ.”

சிரித்துவிட்டார் மனிதர், கண்ணில் நீர் வரும் அளவுக்கு.
பிறகு கூலியில் நூறு லிரா பிடித்துக்கொண்டு
தன் கையாலேயே அதை மல்லாக்க விரித்துவிட்டுப் போனார்.
இன்னும் பதினைந்து நாள் வெயில் இருக்கிறது, போதும் என்றார்.
யெத்தர் திரும்பிப் பார்த்தாள், தன்னைக் கூப்பிட்டதாக.

நாலாம் நாள் விடியலுக்கு முன் விசில்.
மலைமேல் மின்னல், மண்வாசம், டிராக்டர் சத்தம்.
எல்லோரும் வரப்போரத்திலிருந்து சுருட்டத் தொடங்கினார்கள்.
நான் இருட்டில் கிணற்றுப் பக்கம் ஓடினேன்.
ஏழாவது வரிசை.
முகம் உள்ளே போக
இறுக்கிச் சுருட்டினேன்.